மியாட்டாவுக்கு ஆயில் பிரஷர் கேஜ் மாற்ற வேண்டும், எதை வாங்கலாம்?

#1 | ரோட்ஸ்டர்96 (மிசிசாகா)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996 மஸ்டா மியாட்டா, 1.8 லிட்டர் எஞ்சின், 2,10,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கி 5 வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் ஆயில் பிரஷர் முள் ஆணி அடித்த மாதிரி நடுவில் நிற்கும். ஒரு நாள் கூட என்னைப் பயமுறுத்தியதில்லை.

போன வாரம் ஹுரோன்டாரியோ தெருவில் சிக்னலில் நிற்கும்போது முள் பொத்தென்று கீழே விழுந்தது. லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பழையபடி நடுவுக்கு வந்துவிட்டது. சரி, சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். முந்தாநாள் ஹைவேயில் 3,000 ஆர்பிஎம்மில் போகும்போதே விழுந்தது. எஞ்சினில் வேறு சத்தம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்தாறு நொடி டிக் டிக் என்று கேட்கும், அது நான் வாங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. ஆயில் 10டபிள்யூ-30, அளவு சரியாக இருக்கிறது.

கேஜ்தான் போய்விட்டது என்று நினைக்கிறேன். மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன்: வெளியில் விற்கும் 52 மில்லிமீட்டர் எலக்ட்ரிக் கேஜ், அல்லது டியூப் வைத்த மெக்கானிக்கல் கேஜ், அல்லது உடைத்து விற்கும் யார்டில் இதே கேஜ். 150 டாலருக்குள் முடிக்க வேண்டும். எது நல்லது?

#2 | கோவை_மீட்டர்

ஏனுங்க, கேஜ் வாங்கறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல வண்டியை நிறுத்துங்க. முள்ளு விழுந்தா ரெண்டே காரணந்தான். முள்ளு பொய் சொல்லுது, இல்லைன்னா உண்மை சொல்லுது. ரெண்டாவதா இருந்து நீங்க கேஜ் தேடிட்டே ஓட்டினீங்கன்னா, அடுத்த இழை பேரிங் பத்தித்தான் போடணும்.

#3 | பழைய_ஸ்பானர் (ஸ்காபரோ)

தம்பி, முதல்ல ஒண்டு கேக்கிறன். உம்மட கேஜில இலக்கம் கிடக்கோ, இல்லாட்டி எல் (லோ), எச் (ஹை) எண்டு ரெண்டு எழுத்து மட்டும்தானோ?

#4 | ரோட்ஸ்டர்96

எல், எச் மட்டும்தான் அண்ணா. எண் எதுவும் இல்லை.

#5 | பழைய_ஸ்பானர்

நான் நினைச்சது சரி. அது கேஜே இல்லை தம்பி. கேஜ் வேஷம் போட்ட லைற்.

1990 இலயிருந்து 1994 மொடல் வரைக்கும் வந்த மியாட்டாவில உண்மையான சென்டர் (sender), அதாவது அமுக்கத்தை அளந்து கேஜுக்கு அனுப்புற சாமான், இருந்தது. அமுக்கம் ஏறினா முள் ஏறும், இறங்கினா இறங்கும். சூடான எஞ்சின் சிக்னலில நிக்கேக்க முள் கீழ வரும். அது இயற்கை. ஆனா கார் வாங்கின சனம் அதைப் பார்த்துப் பயந்து டீலரிட்ட ஓடிப் போனதாலதான் மாத்தினவை எண்டு எங்கட தொழிலில சொல்லுவினம். 1995 மொடலில இருந்து சென்டருக்குப் பதிலா ஒரு சாதாரண சுவிட்ச். ஏதோ சில பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் எண்ட அளவு) அமுக்கம் வந்தாப் போதும், முள் நடுவில போய்க் குந்திக்கொள்ளும். 10 பிஎஸ்ஐ எண்டாலும் அதே இடம், 60 எண்டாலும் அதே இடம். இதே வேலையை ஃபோர்டும் 80களின்ர கடைசியில தங்கட கேஜுகளுக்குச் செய்தது.

அதால மூண்டாவது வழியை இப்பவே வெட்டி விடும். 1996 யார்டுக் கேஜை வாங்கிப் போட்டாலும் திரும்ப அதே பொம்மைதான்.

#6 | ரோட்ஸ்டர்96

5 வருஷமாக நான் பார்த்துச் சந்தோஷப்பட்டது சுவரில் வரைந்த கடிகாரமா!

#7 | டீக்கடை_பெஞ்ச்

இதில் என்ன கெட்டுப்போனது? பொம்மையோ என்னவோ, பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று சொன்னால் போதாதா? இன்றைக்கு வருகிற பெரும்பாலான கார்களில் கேஜே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். என்னிடம் 1992 மியாட்டா இருக்கிறது, அசல் கேஜ். சிக்னலில் நின்றால் முள் சரியும். எனக்கு ரோட்டைப் பார்க்கவா, முள்ளைப் பார்க்கவா என்றே தெரியாது. நிம்மதி போனதுதான் மிச்சம். சுவிட்ச் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் நண்பரே, மீதிக் காசில் டயர் மாற்றலாம்.

#8 | வளைவு_வெறியன்

பெஞ்ச் சார், அந்தச் சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தில் பிரஷர் ஏழெட்டு பிஎஸ்ஐக்குக் கீழே போயிருக்கும். ஐடிலிங்கில் அது எச்சரிக்கை. 6,500 ஆர்பிஎம்மில் இரங்கல் செய்தி. நான் வருஷத்துக்கு நாலு தடவை மோஸ்போர்ட் ரேஸ் டிராக்குக்குப் போகிறவன் (இப்போது கனடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க் என்று பெயர், எங்கள் வாயில் இன்னும் மோஸ்போர்ட்தான்). அங்கே இரண்டாம் வளைவு இறக்கத்தில் நீளமாக இடது பக்கம் இழுக்கும். அந்த நேரம் சேம்பரில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இருக்கிற ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். நடுவில் ஆணி அடித்த முள் இதையெல்லாம் சொல்லாது.

#9 | டீக்கடை_பெஞ்ச்

அவர் ஹுரோன்டாரியோ சிக்னலில் நிற்கிற ஆள் சார். மோஸ்போர்ட்டுக்கு எங்கே போனார்?

#10 | கோவை_மீட்டர்

ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க. அவரு வண்டில இப்ப எவ்வளவு பிரஷர் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் தொழிலுக்கு கம்ப்ரசர், பம்ப் கேஜ் எல்லாம் காலிபரேஷன் பண்றவனுங்க. எங்க பட்டறையில ஒரே விதி: சந்தேகம் வந்தா இன்னொரு கேஜை வெச்சுப் பாரு, அப்புறம் பேசு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளிசரின் ஊத்தின சாதாரண கேஜ் ஒண்ணு, 0லிருந்து 100 பிஎஸ்ஐ. ஹைட்ராலிக் சாமான் விக்கற கடையில கிடைக்கும். ஒரு அடி, ரெண்டு அடி ஹோஸ். இருக்கற சுவிட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில இதை மாட்டி, எஞ்சின் குளிர்ச்சியா ஒரு தடவை, இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்து ஒரு தடவை பாருங்க. ஐடிலிங், 2,000, 3,000 மூணையும் எழுதி வெச்சுக்கோங்க. கிளிசரின் எதுக்குன்னா, பம்ப்போட துடிப்புலயும் எஞ்சின் அதிர்வுலயும் முள்ளு நடுங்காம நிக்கும்.

#11 | பழைய_ஸ்பானர்

கோவை ஐயா சொல்லுறது சரி. ஆனா மரையில கவனம் தம்பி. இஞ்ச ஹார்ட்வெயார் கடையில கிடைக்கிறதெல்லாம் அமெரிக்க என்பிடி மரை. உம்மட எஞ்சின் ப்ளொக்கில இருக்கிறது 1/8 பிஎஸ்பிடி எண்ட பிரிட்டிஷ் மரை. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரித்தான். கையால திருகினா ரெண்டு மூண்டு சுத்து நல்லாவே போகும். ஆனா என்பிடியில ஒரு அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பிடியில 28. கோணமும் வேற, அது 60 பாகை, இது 55. பலமா இறுக்கினா ப்ளொக்கில இருக்கிற மரை போயிடும். கேஜ் 40 டொலர், ப்ளொக் எவ்வளவு எண்டு நீரே யோசியும். பிஎஸ்பிடி ஆணுக்கு என்பிடி பெண் அடப்டர் தனியா விக்குது, அதைக் கேட்டு வாங்கும்.

சுவிட்ச் இருக்கிற இடம் இன்டேக் மனிஃபோல்டுக்குக் கீழ, ஒயில் ஃபில்டருக்குப் பக்கத்தில. கண்ணுக்குத் தெரியாது. கீழ படுத்துக்கொண்டு கையால தடவித்தான் பிடிக்கவேணும். எஞ்சின் ஆறின பிறகு செய்யும்.

#12 | ரோட்ஸ்டர்96

நான்கு நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், அடாப்டர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது.

முதலில் அளவுகள். குளிர்ந்த எஞ்சின், ஐடிலிங்கில் 60 பிஎஸ்ஐ. நன்றாகச் சூடான பிறகு 850 ஆர்பிஎம்மில் 18. 2,000இல் 38. 3,000இல் 52. வேகத்தை ஏற்றும்போது முள் ஒழுங்காக ஏறுகிறது, எங்கேயும் விழவில்லை.

அடுத்து, பழைய சுவிட்ச். கழற்றும்போதே கையெல்லாம் ஆயில். வயர் சொருகுகிற முனையைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக்கில் முடி மாதிரி விரிசல், அது வழியாகக் கசிந்து கனெக்டருக்குள் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது. மேலே எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மலிவாக எங்கேயோ வாங்கிப் போட்டிருக்க வேண்டும். அந்த வயரை எடுத்து ப்ளாக்கில் தொட்டதும் டேஷ்போர்டில் முள் கம்மென்று நடுவுக்குப் போய் நிற்கிறது.

ஆக எஞ்சினும் நலம், கேஜும் நலம், நடுவில் இருந்த தரகர்தான் கெட்டவர். ஆனால் ஒரு தடவை உண்மையான எண்ணைப் பார்த்துவிட்டேன், இனிமேல் அந்த பொம்மையோடு குடும்பம் நடத்த முடியாது. இப்போது சொல்லுங்கள், எதைப் போடலாம்?

#13 | கோவை_மீட்டர்

சபாஷுங்க. 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு மெக்கானிக்குங்க வாய்க்கணக்கு ஒண்ணு இருக்கு. அதைவிட உங்க வண்டி நல்லாவே இருக்கு.

கேஜ் வாங்கறப்ப முகத்தைப் பாத்து வாங்காதீங்க. நீல லைட்டு, கார்பன் ஃபைபர் டிசைன் எல்லாம் முள்ளுக்கு உதவாது. முதல்ல அளவு பாருங்க. உங்க வண்டி பெரும்பாலும் 20லிருந்து 60க்குள்ள ஓடும். 0–100 டயல்ல அது நடுவுல வந்து உக்காரும். எங்க தொழில்ல டயலோட நடுப்பாகத்துல வேலை செய்யற மாதிரித்தான் கேஜ் எடுப்போம், ஏன்னா ரெண்டு ஓரத்துலயும் பிழை அதிகம். 0–150 கேஜ் வாங்கினீங்கன்னா 18க்கும் 12க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அந்த வித்தியாசந்தான் உங்களுக்கு முக்கியம்.

அடுத்தது சென்டர். கேஜும் சென்டரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஜோடி மாத்தக் கூடாது. விடிஓ கம்பெனி சென்டர்னா பிரஷர் இல்லாதப்ப 10 ஓம், முழு அளவுல 180 ஓம் காட்டும். பழைய அமெரிக்க வகை பலதுல நேர் தலைகீழ், 240ல ஆரம்பிச்சு 33க்கு இறங்கும். அதை இதோட சேத்தா எஞ்சின் நின்னுட்டிருக்கும்போது முள்ளு உச்சியில நிக்கும். விடிஓவுலயே 5 பார், 10 பார்னு ரெண்டு இருக்கு. 5 பார் சென்டரை 10 பார் கேஜுல மாட்டினா படிக்கறது ரெட்டிப்பாத் தெரியும். 1 பார்னா 14.5 பிஎஸ்ஐ, கணக்குப் போட்டுப் பாத்துக்கோங்க. சிக்னல்ல 18 இருக்கற வண்டி 36 காட்டினா மனசுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்.

#14 | வளைவு_வெறியன்

நான் மூன்று வயர் எலக்ட்ரானிக் சென்டர்தான் சொல்வேன். 5 வோல்ட் கொடுத்தால் 0.5லிருந்து 4.5 வரை திருப்பி அனுப்பும். எர்த்துக்குத் தனி வயர் இருப்பதால் மரை வழியாக எர்த் கிடைக்கிறதா என்ற கவலை இல்லை, முள்ளும் உடனுக்குடன் அசையும். இரண்டு வயர், ஒரு வயர் சென்டர்களில் டெஃப்லான் டேப்பைப் போட்டுச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார்கள். எர்த் கெட்டுப்போய் முள் தாறுமாறாக ஆடும். பிறகு கேஜைத் திட்டுவார்கள்.

டிராக் போகிறதாக இருந்தால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வளைவில் யாரும் கேஜைப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை. 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எரிகிற மாதிரி ஒரு சுவிட்சும், கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு பெரிய விளக்கும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வையுங்கள். சூடான ஐடிலிங்கில் அது எரியத்தான் செய்யும், பழகிவிடும். (பெஞ்ச் சார், ஆமாம், விளக்குதான். சிரிக்க வேண்டாம்.)

#15 | டீக்கடை_பெஞ்ச்

நான் வாயே திறக்கவில்லை.

#16 | மலைப்பாதை

மெக்கானிக்கல் கேஜைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? வயர் இல்லை, சென்டர் இல்லை, ஓம் கணக்கு இல்லை. உள்ளே வளைந்த பித்தளைக் குழாய், பிரஷர் ஏறினால் நிமிரப் பார்க்கும், முள் நகரும். பூர்டோன் 1849இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய சங்கதி, இன்றும் அதேதான். நேர்மையான பொருள்.

ஆனால் நான் போட மாட்டேன். காரணம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் நண்பனின் பழைய ஜீப்பில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினோம், 36 கொண்டை ஊசி வளைவு. யாரோ டேஷ்போர்டில் மெக்கானிக்கல் கேஜ் வைத்து, நைலான் டியூப்பை ஃபயர்வால் தகட்டு ஓட்டை வழியாக ரப்பர் வளையம் கூட இல்லாமல் இழுத்திருந்தார்கள். இருபதாவது வளைவோ என்னவோ, டியூப் அறுந்தது. கொதிக்கிற ஆயில் அவனுடைய வலது முழங்காலில். கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்து எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டான். சேம்பரில் பாதி ஆயில் தரை விரிப்பில் இருந்தது. இன்றைக்கும் அந்தக் காலில் முடி முளைக்கவில்லை.

போட்டே ஆக வேண்டும் என்றால் நைலான் வேண்டாம், கம்பி பின்னிய ஹோஸ் போடுங்கள், தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அல்லது டெஸ்ட் பண்ணும்போது மட்டும் பானெட்டுக்குள்ளே வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

#17 | ரோட்ஸ்டர்96

மெக்கானிக்கல் கேஜை இந்த நிமிடமே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். எலக்ட்ரானிக்குக்கு இடம்தான் யோசனை. நடுவில் இருக்கும் வட்ட ஏசி வென்ட்டைக் கழற்றிவிட்டு அதில் 52 மில்லிமீட்டர் கேஜ் வைக்கிற வளையம் விற்கிறார்கள். சென்டருக்கு ஒரு டீ (T வடிவ மூன்று வாய் இணைப்பு) போட்டு, பழைய சுவிட்ச், புதுச் சென்டர் இரண்டையும் ஒரே ஓட்டையில் மாட்டலாமா?

#18 | பழைய_ஸ்பானர்

டீயை ப்ளொக்கில நேர பூட்டாதேயும். பித்தளை டீ, அதில ரெண்டு பாரம் தொங்கினா எஞ்சின் நடுங்க நடுங்க அந்தக் கழுத்து வெடிக்கும். நான் மூண்டு காரில பார்த்திருக்கிறன். பூட்டத்தான் வேணும் எண்டா ஒரு ஹோஸ் போட்டு, டீயைக் கொண்டுபோய் காரின்ர பொடித் தகட்டில இறுக்கவேணும். ஒரு வயர் சென்டர் எண்டா அதின்ர உடம்புக்குத் தனி எர்த் வயரும் குடுக்கவேணும்.

ஆனா ஒண்டு கேக்கிறன் தம்பி. நீர் ரேஸ் ஓடுறீரோ? இல்லை. வென்ட்டை ஏன் கழட்டுறீர்? ஓகஸ்ட் மாசம் மிசிசாகாவில அந்தக் காத்து வேணும். 1990–94 மியாட்டாவின்ர அசல் கேஜை எடும், அதே வருஷத்துச் சென்டரை எடும். உம்மட கிளஸ்டரில (டேஷ்போர்டில மீட்டர் எல்லாம் இருக்கிற பெட்டி) எல்-எச் கேஜை மட்டும் கழட்டி அந்த இடத்தில இதைப் பூட்டும். வயர் அதே ஒத்தை வயர்தான், புதுசா இழுக்கத் தேவையில்லை. ஸ்பீடோமீட்டரைத் தொடாததால கிலோமீட்டர் கணக்கும் உம்மடதாவே இருக்கும். ரெண்டையும் சேர்த்து மாத்தவேணும், அதை மறக்கவேண்டாம். ஜப்பான் மொடல் கேஜ் வந்தா அலகு கிலோவில (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) இருக்கும், 1 கிலோ எண்டா 14.2 பிஎஸ்ஐ.

துல்லியம் கோவை ஐயா சொல்லுற அளவுக்கு வராது. ஆனா நேற்றைக்கு 18, இண்டைக்கு 10 எண்டா சொல்லும். உமக்கு அதுதான் வேணும்.

#19 | கோவை_மீட்டர்

நானும் இதுக்கே ஓட்டு போடறேனுங்க. நம்மகிட்ட டெஸ்ட் கேஜ் இருக்கில்ல, அதுல எடுத்த அளவை வெச்சு இந்த முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சுக்கலாம். அதுவே காலிபரேஷன்தான்.

#20 | வளைவு_வெறியன்

எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவருக்கு அதுதான் சரி.

#21 | ரோட்ஸ்டர்96

இரண்டு வாரம் கழித்து. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1993 வண்டியின் கேஜ் ஒன்று யார்டில் 25 டாலருக்குக் கிடைத்தது. சென்டரை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன், "1990 முதல் 1997 வரை எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் நான் கழற்றிய பழையதைப் போலவே கட்டைவிரல் அளவு. பழைய_ஸ்பானர் அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன், "அது சுவிட்ச் தம்பி, சென்டர் குண்டா டப்பா மாதிரி இருக்கும், திருப்பி அனுப்பும்" என்றார். எல்லா வருஷத்துக்கும் பொருந்தும் என்றால் எந்த வருஷத்துக்கும் சரியாக இருக்காது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை 1994க்கு என்று பார்ட் எண்ணோடு கேட்டு வாங்கினேன். அது சின்னத் தைல டப்பா அளவுக்கு இருந்தது.

கிளஸ்டரைக் கழற்றி கேஜ் மாற்ற ஒன்றரை மணி நேரம். சென்டரை மாட்ட ஒரு மணி நேரம், அதில் பாதி நேரம் அது எங்கே இருக்கிறது என்று தடவியதுதான். டெஃப்லான் டேப் போடவில்லை, மரையில் கொஞ்சம் திரவ சீலன்ட் மட்டும், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

ஸ்டார்ட் செய்தேன். முள் ஏறியது, 60ஐத் தாண்டியது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அதே ஹுரோன்டாரியோ சிக்னலில் நின்றேன். முள் மெதுவாகக் கீழே, கீழே, 30க்கும் கீழே, பூஜ்யத்துக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றது. எல்லாம் தெரிந்தும் வயிற்றைக் கலக்கியது. 18தான் என்று எனக்கே நான் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். பச்சை விளக்கு விழுந்தும் கிளம்பவில்லை, பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார்.

#22 | பழைய_ஸ்பானர்

இப்ப விளங்குதோ அந்தச் சனம் ஏன் டீலரிட்ட ஓடினது எண்டு?

#23 | டீக்கடை_பெஞ்ச்

அது சரி ரோட்ஸ்டர், கழற்றிய எல்-எச் கேஜை என்ன செய்யப் போகிறீர்கள்? என் 1992க்குக் கிடைக்குமா? முள் நடுவிலேயே நிற்குமே. பத்து டாலர் தருகிறேன்.

#24 | பழைய_ஸ்பானர்

சுவிட்சும் சேர்த்து வாங்கவேணும் தம்பி. அந்த வெடிச்ச சுவிட்சை வாங்கிப் போடாதேயும்.